புதன்கிழமை 25 வீதக் கழிவுக்குக் கையெழுத்து வைக்கலாமா?

சொதிக்கிண்ணம் | 2025 ஒகஸ்ட் 12, செவ்வாய்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து மரைன் டிரைவ் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் அப்பாவின் சாப்பாட்டுக்கடை இருக்கிறது. 44 இருக்கைகள். மதியம் சோறு கறி, இரவில் இடியப்பம், பிட்டு, கொத்து. சனி, ஞாயிறில் நண்டுக் கறி. கணக்கு வழக்கை நான் பார்க்கிறேன்.

மூன்று மாத பில் புத்தகங்களை நேற்றிரவு எடுத்து வைத்துக்கொண்டு எண்ணினேன். சனிக்கிழமை இரவு சராசரி 110 பேர். புதன் இரவு 40 பேர். அந்த நாற்பது பேருக்கும் அதே ஐந்து சமையற்காரர்கள், அதே வாடகை, அதே மின்சாரம். இரவு ஒன்பது மணிக்குக் கொத்துப் போடுபவர் தகட்டைத் துடைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

போன வாரம் ஒரு வங்கியிலிருந்து வந்தார்கள். தங்கள் கடனட்டை வைத்திருப்பவர்களுக்குச் செவ்வாய் அல்லது புதன் இரவு 25 வீதக் கழிவு (விலைக்குறைப்பு) கொடுக்க வேண்டும். கழிவு முழுவதும் எங்கள் பக்கம். அவர்கள் தங்கள் விளம்பரத்தில் கடையின் பெயரையும் படத்தையும் போடுவார்கள். ஒப்பந்தம் ஒரு வருடம்.

அப்பா ஒரே பேச்சாக நிற்கிறார்: “வெறும் மேசைக்கு யார் காசு தருகிறார்கள்? கையெழுத்து வை.” எனக்குக் கை போகவில்லை. ஏன் போகவில்லை என்று சொல்லவும் தெரியவில்லை. கடை நடத்துபவர்கள், நடத்தியவர்கள், சாப்பிடப் போகிறவர்கள் எல்லாரும் சொல்லுங்கள். சீக்கிரம் பதில் சொல்ல வேண்டும்.

---

கணக்கன் | ஒகஸ்ட் 12

தங்கச்சி, ஒரு தட்டின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இரவில் ஒருவர் சராசரியாக எவ்வளவுக்குச் சாப்பிடுகிறார்? வெள்ளவத்தையில் உங்கள் அளவுக் கடைகள் இரண்டுக்கு நான் கணக்கெழுதுகிறேன். அந்த அனுபவத்தில் 1,500 ரூபாய் என்று வைக்கிறேன்.

அரிசி, மா, மீன், தேங்காய், எண்ணெய் எல்லாம் சேர்த்து 600. எரிவாயு, வாழையிலைத் துண்டு, கைதுடைக்கும் தாள் போன்றவை 90. மிச்சம் 810. இந்த 810 ரூபாயில்தான் வாடகையும் சம்பளமும் மின்சாரமும் அப்பாவின் வருமானமும் இருக்கின்றன.

இப்போது 25 வீதம் கழியுங்கள். 1,125 வரும். கடனட்டை இயந்திரத்துக்கு வங்கி எடுப்பது 2.5 வீதம் என்றால் 28 ரூபாய். மூலப்பொருட் செலவு ஒரு சதமும் குறையாது, 690 போகிறது. கையில் நிற்பது 407.

810 எங்கே, 407 எங்கே. கழிவு கால்வாசி, உங்கள் கையில் குறைவது பாதி. எல்லாரும் அந்த அட்டையோடு வந்தால், இப்போது 40 பேர் தரும் காசைப் பெற 80 பேருக்குச் சமைக்க வேண்டும். எண்பத்தோராவது ஆளிலிருந்துதான் உங்களுக்கு ஒரு ரூபாய் கூடுதலாக வரும். அந்த எண்பது பேருக்கும் மீன் வெட்ட, தேங்காய் துருவ, பாத்திரம் கழுவ இன்னும் ஓர் ஆள் வேண்டுமென்றால் அவருடைய நாட்கூலியையும் கழித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. உங்கள் ஆண்டு விற்பனை எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, பொதுவெளியில் சொல்லவும் வேண்டாம். ஆனால் 2024 ஜனவரியில் வற் (பெறுமதி சேர் வரி) 18 வீதமானபோது, பதிவு செய்ய வேண்டிய எல்லையையும் ஆண்டுக்கு 8 கோடியிலிருந்து 6 கோடிக்கு இறக்கினார்கள். லாபம் சேராமல் விற்பனை மட்டும் வீங்கி அந்தக் கோட்டைத் தாண்டினால், மற்ற ஆறு நாட்களில் விற்கும் இடியப்பத்துக்கும் சேர்த்து 18 வீதம் வாங்கிக் கட்ட வேண்டிவரும். கோட்டுக்கு அருகில் நிற்கிறீர்களா என்பதை முதலில் பாருங்கள்.

---

மாதச்சம்பளம் | ஒகஸ்ட் 13

சாப்பிடப் போகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். நானும் மனைவியும் வேலை செய்கிறோம், இரண்டு பிள்ளைகள், தெஹிவளையில் வாடகை வீடு. கழிவு இல்லாத நாளில் நாங்கள் வெளியே சாப்பிடுவதே இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் பெரிய கடைக்குப் போனால் பட்டியலில் 1,000 ரூபாய் என்று இருக்கும். அதற்கு மேல் 10 வீதச் சேவைக் கட்டணம், 1,100. அதற்கு மேல் 18 வீத வற், 1,298. பில் வரும்போது பிள்ளைகளின் முன்னால் முகத்தைச் சுளிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். அதே சாப்பாட்டுக்கு 25 வீதம் கழித்தால் 750, சேவைக் கட்டணத்தோடு 825, வற் சேர்த்து 973 ரூபாய் 50 சதம். கழிவு கிடைத்த நாளில்தான் பட்டியலில் எழுதியிருக்கும் விலைக்கே நான் சாப்பிடுகிறேன்.

2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். பிறகு வீதம் இறங்கியது, விலைகள் இறங்கவில்லை. சம்பளம் அந்தளவுக்கு ஏறவும் இல்லை. கழிவு தேடி வருகிறவர்களைப் பேராசைக்காரர்கள் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். பிள்ளையின் பிறந்தநாள் சனிக்கிழமை வந்தாலும் புதன்கிழமை கேக் வெட்டுகிற குடும்பம் நாங்கள்.

உங்கள் கடைக்கு வருவேனா என்றால், வருவேன். கழிவு நின்ற பிறகும் வருவேனா என்றால், உண்மையைச் சொல்கிறேன், வரமாட்டேன். புதன்கிழமைக் கழிவு வேறெங்கே இருக்கிறதோ அங்கே போவேன்.

---

கொட்டாஞ்சேனைக் கடைக்காரன் | ஒகஸ்ட் 13

பிள்ளை, செவ்வாய்க்கிழமை என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதே. உன்னுடைய கடையில் மீனும் நண்டும்தானே பேர்? கொழும்பில் நம் சனத்தில் பாதிப்பேர் செவ்வாயும் வெள்ளியும் மச்சம் (மீன், இறைச்சி) தொட மாட்டார்கள். விரதக்காரருக்கு நண்டில் 25 வீதம் குறைத்து என்ன, இலவசமாகக் கொடுத்து என்ன? வங்கியின் அட்டவணைக்கு எல்லா நாளும் ஒரே நாள். சனம் எந்த நாளில் எதைச் சாப்பிடும் என்பது நமக்குத் தெரியும்.

நான் நடத்துவது சைவக்கடை. எனக்குச் செவ்வாயும் வெள்ளியும் திருவிழா, சனியும் ஞாயிறும் மந்தம். உன் கடைக்கு நேர்மாறு. முழு நகரத்துக்கும் “வார நடு” என்று ஒரே மந்தமான நாள் கிடையாது, ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு நாள் படுக்கும். போயா தினத்தை, பௌர்ணமி விடுமுறையைப் பார். இறைச்சிக்கடையும் மதுக்கடையும் பூட்டு, என் வாசலில் காலை ஆறரைக்கே வரிசை.

முப்பத்தொரு வருடம் இந்த வேலையில் நிற்கிறேன். 2022 ஏப்ரலில் 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் 4,860 ரூபாய்க்குப் போனது, அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. பின்முற்றத்தில் மூன்று கல் வைத்து விறகில் சாம்பார் காய்ச்சினேன். அந்த நாட்களில் என்னைத் தூக்கி நிறுத்தியவர்கள் நாள்தோறும் வருகிற ஆட்கள். ஒரு தோசையும் பிளேன்ரீயும் மட்டும்தான் இருக்கிறது என்று சொன்னாலும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். கழிவு கேட்டு ஒருவரும் வரவில்லை. மாதச்சம்பளம் தம்பியை நான் குறை சொல்லவில்லை, அவருடைய நிலைமை எனக்கு விளங்குகிறது. ஆனால் யாருக்காகக் கடையைத் திறந்து வைத்திருக்கிறோம் என்ற கேள்வி இருக்கிறதே.

ஒரு யோசனை சொல்கிறேன். விலையைக் குறைக்காமல், அந்த நாளுக்கென்று ஒரு சாப்பாடு வை. வேறு நாளில் கேட்டாலும் கிடைக்காத சாப்பாடு. நான் சனிக்கிழமை மாலையில் மட்டும் குரக்கன் பிட்டும் கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பும் போடுகிறேன். அதற்கென்றே பம்பலப்பிட்டியிலிருந்து பஸ் ஏறி வருகிறார்கள்.

---

தட்டேந்தி | ஒகஸ்ட் 13, இரவு

பரிமாறுகிறவனின் பக்கத்திலிருந்து யாரும் எழுதாததால் எழுதுகிறேன். கொள்ளுப்பிட்டியில் ஒரு கடையில் வேலை. எங்களிடம் புதன்தோறும் கடனட்டைக் கழிவு இருக்கிறது, இதைவிடப் பெரிய கழிவு.

புதன்கிழமை நான் பார்க்கும் மேசைகள் மற்ற நாளைப்போல இரண்டு மடங்கு. எங்கள் கடையில் சேவைக் கட்டணத்தைக் கழிவுக்குப் பிறகுள்ள தொகைக்குத்தான் போடுகிறார்கள். ஆகவே ஒவ்வொரு மேசையிலிருந்தும் எங்களுக்கு வரும் பங்கு குறைகிறது, நடை மட்டும் கூடுகிறது. டிப்ஸ் அநேகமாக இல்லை. அட்டையில் கட்டுகிறவர் கையில் தாட்காசு எடுப்பதில்லை.

அதைவிட மனம் நொந்த விஷயம் ஒன்றைச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு மாலையும் ஏழு மணிக்குத் தனியாக வருவார். மூலையில் மின்விசிறிக்குக் கீழே இருவர் மேசை. பத்து இடியப்பம், சொதி, ஒரு முட்டைப் பொரியல். சொதியை இரண்டாம் முறை கேட்பதற்கு முன்பே நான் கொண்டுபோய் வைத்துவிடுவேன். கழிவு தொடங்கிய இரண்டாவது புதன்கிழமை அவர் வந்து நின்றபோது மேசை இல்லை. எட்டுப் பேர் கொண்ட குடும்பம் ஒன்றுக்கு அவருடைய மேசையையும் இழுத்துச் சேர்த்துவிட்டோம். இருபது நிமிடம் வாசலில் நின்றார். நான் ஒரு கதிரை கொண்டுபோய்க் கொடுத்தேன், அவர் உட்காரவில்லை. “இன்றைக்கு உங்களுக்கு வேலை கூட, நான் பிறகு வருகிறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த புதன் வரவில்லை. பிறகு வியாழனும் வரவில்லை. வருடம் முழுவதும், நாள் தவறாமல், தாட்காசு கொடுத்து, முழு விலைக்குச் சாப்பிட்ட மனிதர் அவர்.

கையெழுத்து வைத்தாலும் வைக்காவிட்டாலும், அப்படியான ஓர் ஆள் உங்கள் கடையில் யார் என்று பாருங்கள். அவருடைய மேசையை யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

---

சொதிக்கிண்ணம் | ஒகஸ்ட் 14

தட்டேந்தி அண்ணா, நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் மூன்றாம் மேசையின் கதிரையைச் சரிசெய்துவிட்டு வந்தார். அந்த மேசையில் யார் இருப்பார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

கணக்கன் அண்ணா, உங்கள் 600 ரூபாய் எங்கள் கடைக்குக் கொஞ்சம் குறைவு. இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டியது. சொதியும் சம்பலும் பால் கறியும் விற்கிற கடைக்குத் தேங்காய் விலை என்ன செய்யும் என்று கடைக்காரருக்குத்தான் தெரியும். ஆகவே 407 என்பது எங்களுக்கு 380க்குக் கிட்ட வரும்.

இன்னொரு கவலை. பேலியகொடை மீன் சந்தையில் விடியற்காலை மூன்று மணிக்கு மீன் எடுக்கிறோம். அங்கே காசைக் கையில் வைக்க வேண்டும். புதன் இரவு அட்டையில் வாங்கிய காசு வியாழன் விடியற்காலை என் கையில் இருக்காது. வியாபாரம் நடந்த இரவுக்கு அடுத்த நாள் மீனுக்குக் கடன் சொல்ல வேண்டிவருமா?

---

வங்கிப்பக்கம் | ஒகஸ்ட் 14

சில வருடங்கள் ஒரு வங்கியில் கடைகளோடு இந்த மாதிரி ஒப்பந்தங்கள் பேசும் வேலை பார்த்தேன். இப்போது அங்கே இல்லை. மற்றப் பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

கணக்கன் சொன்ன கணக்கு சரி, ஆனால் முழுமையில்லை. சனிக்கிழமை வாசலில் ஆட்கள் காத்து நின்று திரும்பிப் போகிறார்கள் என்றால், சனியிலிருந்து புதனுக்கு ஒருவர் நகர்ந்தாலும் சனிக்கிழமை இருக்கை வெறுமையாகாது. திரும்பிப் போக இருந்தவர் அதில் உட்காருவார், முழு விலைக்குச் சாப்பிடுவார். அப்போது புதன்கிழமை வரும் 407 ரூபாய் கூடுதல் வரவு. சனிக்கிழமையும் இருக்கை மிஞ்சும் கடைக்குத்தான் நகர்வு நட்டம். ஆகவே ஒரு சனி இரவு எத்தனை பேர் திரும்பிப் போகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண் தெரியாமல் இந்த விவாதத்துக்கு முடிவு இல்லை.

அடுத்தது, வந்தவர் காட்டும் தாளில் உள்ளதே கடைசி வார்த்தை என்று நினைக்க வேண்டாம். புதிய கடைகளைச் சேர்க்கும்படி அவருக்கும் மேலிருந்து நெருக்குகிறார்கள். கழிவில் ஒரு பங்கை வங்கி ஏற்கும்படி கேட்கலாம். ஒரு வருடத்துக்குப் பதிலாக மூன்று மாதம் கேட்கலாம். ஒரு பில்லுக்கு இத்தனை ரூபாய்க்கு மேல் கழிவு இல்லை என்று எல்லை போடலாம். நண்டையும் இறாலையும் விலக்கி வைக்கலாம். ஏழரைக்குப் பிறகு மட்டும் என்று நேரம் வைக்கலாம், தட்டேந்தி சொன்ன ஆசிரியர் ஏழு மணிக்கு அமைதியாகச் சாப்பிட்டுவிட்டுப் போவார். தீபாவளி, கிறிஸ்மஸ், புத்தாண்டு நாட்களை நீக்கிவிட வேண்டும். இவற்றில் ஒன்றையும் கேட்காமலே கையெழுத்து வைத்த சிறு கடைக்காரர்களை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். கேட்கலாம் என்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. நானும் அன்று சொல்லவில்லை, அது இன்றைக்கும் மனதில் கிடக்கிறது.

காசு எப்போது வரும் என்ற கேள்விக்கு: எத்தனை நாளில் உங்கள் கணக்குக்கு வரும் என்பதை ஒப்பந்தத்தில் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம்.

---

கணக்கன் | ஒகஸ்ட் 14

வங்கிப்பக்கம் சொன்ன சனிக்கிழமை விஷயம் சரி, நான் அதைத் தவறவிட்டேன். நன்றி.

ஆனால் ஒன்று என் மனதை உறுத்துகிறது. கழிவு அட்டைக்காரருக்கு மட்டும். அதே புதன்கிழமை, பக்கத்து மேசையில் ஓட்டோ ஓட்டுபவரும் புடவைக்கடையில் நிற்கும் பிள்ளையும் தாட்காசு கொடுத்து அதே கொத்தை முழு விலைக்குச் சாப்பிடுகிறார்கள். நாளடைவில் கடைக்காரர் கழிவைத் தாங்க முடியாமல் பட்டியல் விலையில் 50, 100 ஏற்றுவார். அந்த ஏற்றத்தை ஏழு நாளும் கட்டுகிறவர் அட்டை இல்லாதவர். குறைந்த வருமானக்காரர் கூடிய வருமானக்காரரின் கழிவைச் சுமக்கிறார். சட்டத்தில் இதற்கு இடம் இருக்கலாம். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

---

ஈஸ்ட்ஹாம் மாமா | ஒகஸ்ட் 14

இலண்டனிலிருந்து எழுதுகிறேன். வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவன். 2020இல் இங்கே ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக்கடையில் சமையலறைப் பொறுப்பில் இருந்தேன். இதே விஷயத்தை ஒரு நாடு முழுவதும் ஒரே நேரத்தில் செய்து பார்த்ததை உள்ளே நின்று கண்டவன்.

கொரோனாவில் கடைகள் படுத்துவிட்டன என்று அந்த வருடம் ஒகஸ்ட் 3 முதல் 31 வரை பிரித்தானிய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் உட்கார்ந்து சாப்பிட்டால் பாதி விலை. ஒருவருக்கு அதிகபட்சம் 10 பவுண் கழிவு. மதுபானம் சேராது. 16 கோடிக்கும் மேற்பட்ட சாப்பாடுகள் அந்தக் கணக்கில் போயின, அரசுக்கு 849 மில்லியன் பவுண் செலவு. கவனியுங்கள், கழிவைக் கொடுத்தது அரசு. கடைக்காரருக்கு முழு விலையும் வந்து சேர்ந்தது.

அப்படியிருந்தும் நாங்கள் பட்டதைக் கேளுங்கள். திங்கள் முதல் புதன்வரை வாசலுக்கு வெளியே வரிசை, அடுப்பு அணையவே இல்லை. வியாழக்கிழமை ஈ ஆடியது. வெள்ளிக்கிழமை வழக்கமாக வரும் குடும்பங்கள் “செவ்வாய்க்கிழமைதானே வந்தோம்” என்றார்கள். செப்டெம்பர் முதல் வாரத்தில் ஒருவர் பில்லைப் பார்த்துவிட்டு, போன வாரம் பாதிதானே வந்தது, ஏன் கூட்டினீர்கள் என்று கேட்டார். நாங்கள் ஒரு பென்ஸ்கூடக் கூட்டவில்லை. நான்கு வாரத்தில் பாதி விலையே சரியான விலை என்று அவர் மனதில் பதிந்துவிட்டது. அந்த மாதக் கடைசியில் இரவு பத்து மணிக்குப் பூட்ட வேண்டும் என்ற கட்டுப்பாடும் வந்தது, அதோடு மீண்டும் படுத்தோம்.

அரசு காசு கொடுத்த இடத்திலேயே பழக்கம் இப்படி மாறியது. மகள், உங்கள் சொந்தக் காசில் ஒரு வருடம் கொடுத்தால் பிறகு 1,500 ரூபாய் கேட்க உங்களுக்கே வாய் வராது.

---

கொம்பனித்தெரு | ஒகஸ்ட் 15

எங்கள் கடை மதியச் சாப்பாட்டுக் கடை, கோட்டைப் பக்கக் கந்தோர்க்காரர்கள்தான் வாடிக்கை. எங்களுக்குப் புதன் மதியம் நிற்க இடமில்லை, சனிக்கிழமை பூட்டிவிடலாம். புதன் மாலை ஆறு மணிக்குப் பிறகு ஒரு பூனைகூட வராது. நாளைப் பார்க்கிறீர்கள், மணியைப் பாருங்கள்.

உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் செயலிகளின் வார நடுச் சலுகையையும் யாராவது எழுதுங்கள். அதில் தரகு போய், பெட்டிக்காசு போய், கழிவும் போனால் மிஞ்சுவது வாசனை மட்டும். நான் ஆறு மாதம் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

---

மாதச்சம்பளம் | ஒகஸ்ட் 15

கணக்கன் அண்ணா எழுதிய ஓட்டோக்காரர் விஷயம் எனக்கு உறைத்தது. அதை நான் யோசித்ததில்லை.

சொதிக்கிண்ணம் அக்கா, ஒன்று மட்டும் சொல்கிறேன். என்னைப் போன்றவர்களுக்குக் கழிவைவிட முக்கியமானது பில் எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே தெரிவது. நான்கு பேர் வயிறு நிறையச் சாப்பிட்டு வெளியே வர இவ்வளவு என்று வாசலில் எழுதி வைத்தால், வரி, கட்டணம் எல்லாம் சேர்த்து, ஒரு சதம் கூடாது என்றால், நான் 25 வீதத்தைத் தேட மாட்டேன். பட்டியலைக் கையில் எடுத்து மனதுக்குள் கூட்டிக்கொண்டு, பிள்ளை இறால் கேட்கும்போது “அது காரம்” என்று பொய் சொல்லிக்கொண்டு சாப்பிடுவது பெரிய பாடு.

---

சொதிக்கிண்ணம் | செப்டெம்பர் 11, வியாழன்

நான்கு வாரம் கழித்து வருகிறேன், மன்னியுங்கள். நடந்ததைச் சொல்ல வேண்டிய கடமை இருக்கிறது.

முதலில் வங்கிப்பக்கம் அண்ணா சொன்னபடி இரண்டு சனிக்கிழமை இரவுகளில் தம்பியை வாசலில் நிறுத்தி எண்ணினோம். திரும்பிப் போனவர்கள் ஓர் இரவு 9 பேர், மற்ற இரவு 6 பேர். அப்பா முப்பது பேராவது இருக்கும் என்று நினைத்திருந்தார். காத்து நிற்பவர்களில் பெரும்பாலோர் காத்திருந்து சாப்பிட்டுவிட்டே போகிறார்கள்.

பிறகு வங்கிக்காரரிடம் மூன்று மாதம், நண்டும் இறாலும் விலக்கு, கழிவில் பாதி உங்கள் பக்கம் என்று கேட்டேன். மூன்று மாதத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். விலக்குக்கும் ஒத்துக்கொண்டார்கள். கழிவில் பங்கேற்க முடியாது என்றார்கள். நான் கையெழுத்து வைக்கவில்லை. அப்பா இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஒகஸ்ட் 27 முதல் புதன் இரவில் ஒடியற்கூழ் போடுகிறோம். கொட்டாஞ்சேனை ஐயாவின் யோசனைதான். அம்மம்மாவின் கைப்பக்குவத்தை அம்மா எங்கள் சமையற்காரருக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) மாவை நீரில் ஊறவிட்டு, கசப்புப் போகத் தெளிவை இறுத்து ஊற்றி, நண்டு, இறால், மீன்தலை, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் வெந்த பிறகு மாவைக் கரைத்து விட வேண்டும். முதல் புதன்கிழமை மா கட்டிபட்டுவிட்டது. அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சமையலறைக்குள் போய் அகப்பையை வாங்கினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு புதனும் மாலை ஐந்து மணிக்கு அவரே வந்துவிடுகிறார். கூழ் குடிக்கும் பிளா மடிக்க இங்கே பனையோலை கிடைக்கவில்லை, மண் கோப்பையில் கொடுக்கிறோம், பக்கத்தில் நாலு தேங்காய்ச் சொட்டு. பெரிய நண்டு வாங்குவதில்லை, கூழுக்குச் சின்ன நண்டு போதும். அதனால் மூலப்பொருட் செலவு நாங்கள் பயந்த அளவுக்கு ஏறவில்லை.

மாதச்சம்பளம் தம்பி கேட்டதுபோல வாசலில் ஒரு கரும்பலகை வைத்தோம்: நான்கு பேருக்குக் கூழ், பிட்டு, மீன் பொரியல், வட்டிலப்பம், ஒரே தொகை. தாட்காசு, அட்டை எதற்கும் அதே தொகை.

முதல் புதன் 46 பேர். இரண்டாவது 61. நேற்று 58, எட்டு மணிக்கு நல்ல மழை பிடித்துக்கொண்டும் அவ்வளவு பேர். சனிக்கிழமை குறையவில்லை, 107, 112. மூன்று வாரக் கணக்கை வைத்துக்கொண்டு வென்றுவிட்டோம் என்று சொல்ல மாட்டேன், புதுமைக்கு வருகிறவர்களும் இருப்பார்கள். ஆனால் அந்த 58 பேரில் ஒருவரும் எங்களுக்கு 400 ரூபாய் குறைத்துத் தரவில்லை.

மூன்றாம் மேசைக்காரர் நேற்றும் வந்தார். அவருக்குக் கூழ் வேண்டாமாம், வழக்கமான இடியப்பமே போதுமாம். ஆனால் சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போகும்போது சமையலறை வாசலில் நின்று, வாசனை ஊர்ப்பக்கம் கொண்டுபோகிறது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

இப்போது ஓர் அவசரக் கேள்வி. இந்த மாதம் நவராத்திரி, ஒக்டோபரில் கேதார கௌரி விரதம். அந்த வாரங்களில் பாதி வீடுகளில் மச்சம் இல்லை. கொட்டாஞ்சேனை ஐயா, மரக்கறிக் கூழ் போட்டால் எடுபடுமா? மீன்தலை இல்லாமல் அந்தக் கூழுக்கு எதை வைத்து ருசி பிடிப்பது என்று அம்மா கேட்கிறார்.

---

கொட்டாஞ்சேனைக் கடைக்காரன் | செப்டெம்பர் 11

எடுபடும் பிள்ளை. முருங்கை இலையைக் கடைசியில் போடச் சொல், பலாக்கொட்டையைக் கூட்டு, பழப்புளியைக் கொஞ்சம் தூக்கலாக விடு. செத்தல் மிளகாயை வறுக்காமல் ஊறவைத்து அரைக்க வேண்டும். விரதக்காரருக்கு மச்சப் பானையில் காய்ச்சாதே, புதுப் பானை வாங்கு, அதை வாசற் பலகையிலும் எழுதி வை. அம்மாவை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் கடைக்கு அழைத்து வா, எனக்கு அன்றைக்கு மந்தம்தான், இருந்து காய்ச்சிக் காட்டுகிறேன்.